சிறு காட்டுப்பறவை ஒளிப்படங்களில் ஷட்டர் வேகமும் இரைச்சலும்

மர நிழலில் வாழும் சிறு பறவைகளை ஒளிப்படம் எடுக்கையில், ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படத்தில் இரைச்சல் மிகுகிறது. குறைத்தால் பறவையின் உருவம் கலங்கிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே பொருத்தமான அளவைத் தேர்வது இயற்கை ஒளிப்படவியலின் அடிப்படைச் சிக்கல்களுள் ஒன்றாகும். தேன்சிட்டு, தையல்சிட்டு, மாம்பழச்சிட்டு, பூங்கொத்தி, ஈப்பிடிப்பான், கதிர்க்குருவி முதலியவை பெரும்பாலும் 20 சென்றிமீட்டருக்கும் குறைந்த நீளமுடையவை, ஓரிடத்தில் நிலைத்திராதவை, ஒளி குறைந்த இடங்களை விரும்புபவை. ஆகவே குறைந்த ஒளி, விரைந்த அசைவு, சிறிய உருவம் ஆகிய மூன்று இடர்களும் இப்பறவைகளிடம் ஒருசேர அமைகின்றன.

இது அழகு பற்றிய கேள்வி மட்டுமன்று. பறவையைச் சுட்டு, பதப்படுத்தி, அருங்காட்சியகத்தில் வைத்து இனங்காணும் முறை இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின்னர் மிகவும் கட்டுப்படுத்தப்பட்டது. இன்று ஓர் ஊரில் ஒரு பறவை காணப்பட்டது என்பதற்குப் பெரும்பாலும் ஒளிப்படமே சான்றாகிறது. குளிர்காலத்தில் தமிழகத்துக்கு வரும் கதிர்க்குருவிகளில் பல இனங்கள் சிறகின் குறுக்கே ஓடும் மங்கலான கோடு, கண்ணின் மேலுள்ள புருவக்கோடு, அலகின் நிறம் போன்ற நுண்ணிய அடையாளங்களால் மட்டுமே வேறுபடுத்தப்படுகின்றன. கலங்கிய படத்தில் அக்கோடு தெரியாது. இரைச்சல் மிகுந்த படத்தில் தெரியும் கோடு மெய்யா பொய்யா என்று உறுதியாகச் சொல்ல இயலாது.

ஒளியின் அளவு

திறந்த வெயிலுக்கும் மர நிழலுக்கும் உள்ள வேறுபாட்டை மனிதக் கண் உணர்வதில்லை. கண்மணி விரிந்தும் சுருங்கியும், விழித்திரை தன் உணர்திறனை மாற்றியும் அவ்வேறுபாட்டைச் சமன் செய்துவிடுகின்றன. ஒளிப்படக்கருவி அவ்வாறு செய்வதில்லை. தெளிந்த வானில் நண்பகல் வெயில் விழும் ஒரு பொருளுக்கு, எஃப்/5.6 துளையில், ஐ.எஸ்.ஓ. 100 உணர்திறனில் ஏறத்தாழ 1/1000 நொடி போதுமானது. அடர்ந்த மரக்கூரையின் கீழ் காலை வேளையில் ஒளி இதில் 128இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுவது இயல்பு. அப்போது அதே துளையிலும் உணர்திறனிலும் தேவைப்படுவது 1/8 நொடியாகும். இந்த நேரத்துக்குள் ஒரு தேன்சிட்டு கிளையை விட்டே போயிருக்கும்.

ஒளியை இருமடங்காக்குவதை அல்லது பாதியாக்குவதை ஒளிப்படக்காரர்கள் ஒரு ஸ்டாப் என்பர். மேற்கூறிய வேறுபாடு ஏழு ஸ்டாப்புகளாகும். ஐ.எஸ்.ஓ. 800இல் 1/60, 1600இல் 1/125, 3200இல் 1/250, 6400இல் 1/500 எனச் சென்று, 12800ஐ எட்டும்போதுதான் வெயிலில் கிடைத்த 1/1000 நொடி நிழலிலும் கிடைக்கிறது.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது

ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்துவதால் இரைச்சல் உண்டாகிறது என்பது பரவலான கருத்தாகும். இது முழு உண்மையன்று. ஒளி என்பது ஒளியன்கள் எனப்படும் துகள்களாக உணரியின் மீது விழுகிறது. மழைத்துளிகள் ஒரு முற்றத்தின் எல்லாக் கற்களிலும் சரிசமமாக விழாதது போல, ஒளியன்களும் எல்லாப் படப்புள்ளிகளிலும் சமமாக விழுவதில்லை. இவ்வேற்றத்தாழ்வு, விழுந்த ஒளியன்களின் எண்ணிக்கையின் இருபடி மூலத்துக்குச் சமம். ஒரு புள்ளியில் 10,000 ஒளியன்கள் விழுந்தால் ஏற்றத்தாழ்வு 100, அதாவது நூற்றில் ஒரு பங்கு, கண்ணுக்குப் புலப்படாது. 100 ஒளியன்கள் மட்டுமே விழுந்தால் ஏற்றத்தாழ்வு 10, அதாவது பத்தில் ஒரு பங்கு. மென்மையாக இருக்கவேண்டிய இறகுப்பரப்பில் இது மணல் தூவியது போலத் தெரியும். உணரியின் மின்சுற்றும் தன் பங்குக்குச் சிறிது இரைச்சலைச் சேர்க்கிறது. எனினும் பகலில் எடுக்கும் பறவைப் படங்களில், மிக இருண்ட பகுதிகளைத் தவிர, முதன்மையானது ஒளியன்களின் ஏற்றத்தாழ்வே.

ஆகவே இரைச்சலின் காரணம் ஒளிப்பற்றாக்குறையேயன்றி ஐ.எஸ்.ஓ. எண் அன்று. அந்த எண் கிடைத்த ஒளியின் பதிவைப் பெருக்கிக் காட்டுகிறது; அவ்வளவே. இதை அறியாத தொடக்கநிலையாளர் இரைச்சலுக்கு அஞ்சி ஐ.எஸ்.ஓ. 800இல் இருண்ட படமொன்றை எடுத்துப் பின்னர் கணினியில் வெளிச்சமாக்குவதுண்டு. அதே துளையிலும் ஷட்டர் வேகத்திலும் ஐ.எஸ்.ஓ. 3200இல் சரியான வெளிச்சத்துடன் எடுத்திருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கும் இரைச்சல் அதே அளவினதாகவோ, பல கருவிகளில் அதைவிடக் குறைவாகவோ இருந்திருக்கும். நிழல்களை உயர்த்துமிடத்தில் இரைச்சல் முதலில் தலைகாட்டும்.

இதிலிருந்து பெறப்படும் பயன்மிக்க முடிவு தொலைவு பற்றியதாகும். பறவைக்கும் கருவிக்கும் உள்ள தொலைவைப் பாதியாக்கினால், உணரியில் பறவை நான்கு மடங்கு பரப்பில் விழுகிறது. பறவையின் உருவத்தை வரையும் ஒளியன்களும் நான்கு மடங்காகின்றன. ஒரே அளவில் அச்சிட்டுப் பார்க்கையில் இது இரண்டு ஸ்டாப் ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்ததற்கு ஒப்பாகும். பத்து மீட்டரில் எடுத்து வெட்டிப் பெரிதாக்கிய ஐ.எஸ்.ஓ. 1600 படத்தைவிட, ஐந்து மீட்டரில் எடுத்த ஐ.எஸ்.ஓ. 3200 படம் தெளிவாக இருப்பது இதனாலேயே. விலையுயர்ந்த கருவியால் பெறும் ஆதாயத்தைப் பலவேளைகளில் ஒரு மரத்தடியில் அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்தும் பெறலாம்.

அசைவும் கலக்கமும்

படம் கலங்குவதற்கு இரு காரணங்கள் உள. ஒன்று கை நடுக்கம். மற்றொன்று பறவையின் அசைவு. 400 மி.மீ. வில்லையைக் கையில் பிடித்து எடுக்கையில் 1/400 நொடிக்குக் குறையலாகாது என்பது படச்சுருள் காலத்து விதி. 1995ஆம் ஆண்டு கேனான் நிறுவனம் மாற்றத்தக்க வில்லைகளில் அறிமுகப்படுத்திய நடுக்கச் சீராக்கம், முக்காலி, ஒற்றைக்கால் தாங்கி ஆகியவை முதற்காரணத்தைப் பெருமளவு நீக்கிவிடுகின்றன. இரண்டாவதற்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. சீராக்கம் கருவியை அசையாமல் நிறுத்துமேயன்றிப் பறவையை நிறுத்தாது.

ஓர் எளிய கணக்கால் இதை விளக்கலாம். 400 மி.மீ. வில்லையுடன் ஐந்து மீட்டர் தொலைவில் பறவை அமர்ந்திருப்பின், உணரியில் அதன் உருவம் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கி விழும். அது தலையைத் திருப்பும் வேகம் நொடிக்கு 20 சென்றிமீட்டர் என்று கொள்வோம். 1/250 நொடியில் தலை 0.8 மி.மீ. நகரும், உணரியில் இது 0.07 மி.மீ. ஒரு படப்புள்ளியின் அகலம் 0.004 மி.மீ. எனில், கண் பதினேழு புள்ளிகளுக்கு இழுபட்டுவிடும். 1/1000 நொடியிலும் நான்கு புள்ளிகள் இழுபடும். ஆனால் அதே பறவை திரும்பி முடித்து நிற்கும் கணத்தில், நொடிக்கு ஒரு சென்றிமீட்டர் அளவே அசைகிறது எனக் கொண்டால், 1/250 நொடியில் கலக்கம் ஒரு புள்ளிக்கும் குறைவு.

இரு அசைவுகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடு இருபது மடங்கு, அதாவது நான்கு ஸ்டாப்புக்கும் மேல். அசையும் தலையை ஐ.எஸ்.ஓ. 12800இல் துரத்துவதைவிட, நிற்கும் தலையை ஐ.எஸ்.ஓ. 3200இல் அல்லது 1600இல் காத்திருந்து எடுப்பது சிறந்த விளைவைத் தருகிறது. சிறு பறவைகள் பெரும்பாலும் தாவி, நின்று, மீண்டும் தாவும் இயல்புடையவை. அந்த நிற்றல் அரை நொடிக்கும் குறைவாக இருக்கலாம். எனினும் 1/250 நொடிக்கு அது நீண்ட காலமே. தொடர்பதிவு முறையில் ஆறு அல்லது எட்டுப் படங்களை அடுத்தடுத்து எடுத்தால் அவற்றுள் ஒன்று அந்த நிற்றலில் விழ வாய்ப்புண்டு. எஞ்சியவற்றை நீக்கிவிடுவதே வழக்கம்.

இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும் எனில், இரைச்சலை ஏற்றுக்கொண்டு கூர்மையைக் காப்பதே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. இரைச்சலைப் பின்னர் குறைக்க முடியும். கலங்கிய இறகை நம்பத்தக்க வகையில் மீட்க முடியாது.

பறவைக்குப் பறவை

ஒரே ஷட்டர் வேகம் எல்லாப் பறவைகளுக்கும் பொருந்தாது. ஆறுமணிக்குருவி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காலையிலும் மாலையிலும் ஆறுமணியளவில் குரல் கொடுப்பதால் இப்பெயர் பெற்ற இப்பறவை குளிர்கால வலசையாகத் தமிழகத்துக்கு வருகிறது. காட்டின் தரையில், சருகுகளுக்கிடையே, மிகக் குறைந்த ஒளியில் இரை தேடுகிறது. ஆயினும் சில தத்தல்களுக்குப் பின் சிலைபோல் நின்றுவிடும் பழக்கமுடையது. முக்காலியின் துணையுடன் 1/125 நொடியிலும், சிலவேளை 1/60 நொடியிலும் கூர்மையான படம் கிடைக்கிறது. ஒளி மிகக் குறைந்த இடத்துப் பறவையே மிகப் பொறுமையாக நிற்பது ஒளிப்படக்காரரின் நற்பேறு எனலாம்.

விசிறிவால் ஈப்பிடிப்பான் இதற்கு நேர்மாறானது. கிளையிலிருக்கும்போதே உடலை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருக்கும். 1/500 நொடிக்குக் குறைந்தால் பத்தில் ஒன்று தேறுவதே அரிது. தையல்சிட்டு கத்தும்போது உடல் முழுவதும் அதிர்கிறது. குரலுக்கும் குரலுக்கும் இடைப்பட்ட கணமே அதற்குரிய நேரம். தேன்சிட்டு மலரில் அலகை நுழைத்திருக்கும் பொழுதில் தலை ஓரளவு நிலைத்திருக்கும், சிறகுகள் அடித்துக்கொண்டிருந்தாலும். சிறகையும் உறையவைக்க விரும்பினால் 1/2000 நொடியோ அதற்கு மேலோ தேவை. அடர்நிழலில் இது நடவாது. வெயில் விழும் தோப்பின் விளிம்பில் பூத்த செடியைத் தேர்வதே வழி.

பறவையின் நிறமும் கணக்கில் சேரும். அரசவால் ஈப்பிடிப்பானின் வெண்ணிற ஆண் இருண்ட பின்புலத்தில் வந்தமர்ந்தால், கருவியின் ஒளியளவி இருளைக் கண்டு கூடுதல் ஒளியைத் தந்து வெண்மையை எரித்துவிடும். ஒரு ஸ்டாப் குறைத்து எடுக்கவேண்டும். அவ்வாறு குறைப்பதால் இருமடங்கு ஷட்டர் வேகமும் கிடைக்கிறது. மாறாக, வெளிர்வானத்தின் முன் உச்சிக்கிளையில் இருக்கும் பறவை நிழலுருவாகிவிடும். அதற்கு ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டவேண்டியுள்ளது.

புதுவாயல் வட்டாரச் சூழல்

திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே அமைந்துள்ள புதுவாயல் பகுதி இவ்வேறுபாடுகளை ஒரே நாளில் உணரத்தக்க இடமாகும். கிழக்கே பழவேற்காடு ஏரியின் திறந்த நீர்ப்பரப்பு உள்ளது. அங்கே வெயிலில் நிற்கும் பூநாரைகளை எஃப்/8 துளையில், ஐ.எஸ்.ஓ. 400இல், 1/2000 நொடியில் எடுக்கலாம். இரைச்சல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதே நாளில், அதே கருவியுடன், உள்நாட்டுச் சாலைகளை ஒட்டிய மாந்தோப்புக்குள் நுழைந்தால் ஐ.எஸ்.ஓ. 3200உம் போதாமற்போகிறது.

இவ்வட்டாரத்தின் மரச்சூழல் மூவகைப்பட்டது. மாந்தோப்பு ஆண்டு முழுதும் இலையடர்ந்தது. உள்ளே ஒளி சீராகவும் மிகக் குறைவாகவும் இருக்கும். சவுக்குத் தோப்பில் மெல்லிய ஊசிக் கிளைகளினூடே வானம் தெரிவதால் ஒளி மிகுதி. ஆனால் பறவையின் பின்னால் வெளிச்சப்பொட்டுகள் சிதறி ஒளியளவியை ஏமாற்றும். சீமைக்கருவேலப் புதர்களில் ஒளி போதியது. இங்குத் தொல்லை கருவியின் தானியங்கிக் குவியம் பறவையை விட்டு முள்ளைப் பற்றிக்கொள்வதே. வடகிழக்கே ஆந்திர எல்லைக்குள் உள்ள சிறீஹரிகோட்டாவில் இக்கரைக்குரிய உலர் பசுமைமாறாக் காடு எஞ்சியிருப்பினும், விண்வெளி மையம் அமைந்திருப்பதால் அங்கு நுழைவு கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. சென்னை நகருக்குள் கிண்டி தேசியப் பூங்கா இவ்வகைக் காட்டின் ஒரு சிறு பகுதியைக் காட்டுகிறது.

பருவகாலமும் ஓர் இடையூறு. வலசைப் பறவைகள் செப்டம்பர் முதல் வரத்தொடங்குகின்றன. அவை நிறைந்திருக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களே வடகிழக்குப் பருவமழையின் முகில் மூடிய மாதங்களுமாகும். பறவை மிகும்போது ஒளி குறைகிறது. மழை ஓய்ந்த சனவரி, பிப்ரவரி மாதக் காலைகள் இவ்வகையில் ஏற்றவை. முகில் மூடிய நாளுக்கும் ஒரு நன்மை உண்டு: இலைகளினூடே விழும் வெயில் திட்டுகள் இல்லாததால், பறவையின் ஒரு பாதி எரிந்தும் மறுபாதி இருண்டும் போவதில்லை.

படச்சுருள் காலமும் பிளாஷும்

படச்சுருள் காலத்தில் இச்சிக்கலுக்கு ஏறத்தாழ தீர்வே இல்லை எனலாம். வண்ணப்படங்களுக்குப் பெரிதும் விரும்பப்பட்ட கோடாக்குரோம் 64 சுருளில் மேற்கூறிய மர நிழலுக்கு 1/5 நொடி தேவைப்பட்டது. கறுப்பு வெள்ளைச் சுருளான டிரை-எக்ஸ் 400இல்கூட 1/30 நொடிதான். வேகமான சுருள்களில் இரைச்சலுக்கு இணையாகத் துகள்தன்மை மிகுந்திருந்தது. தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனும் இந்தியக் காட்டுயிர் எழுத்தின் முன்னோடிகளுள் ஒருவருமான மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தவர். பல கருவிகளின் பாகங்களைக் கொண்டு தாமே ஒன்றிணைத்த கருவியைப் பயன்படுத்தியவர்.

சிறு பறவைகளுக்குப் பலர் கண்ட வழி பிளாஷ் ஆகும். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹரால்டு எட்கர்டன் 1930களில் மின்னணுப் பிளாஷ் கொண்டு தேன்பருகிப் பறவைகளின் சிறகை உறையவைத்துக் காட்டினார். பிளாஷ் ஒளியே நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக நீடிப்பதால், ஷட்டர் மெதுவாக இயங்கினும் படம் கூர்மையாக விழுகிறது. பறவை தவறாமல் திரும்பிவரும் இடம் கூடு என்பதால், கூட்டருகே மறைவிடம் கட்டி, பிளாஷ் விளக்குகளை நிறுத்திக் காத்திருப்பது வழக்கமாயிற்று. சாலிம் அலியுடன் பயணங்கள் மேற்கொண்ட லோக் வான் தோ (1915–1964), பெங்களூரில் வாழ்ந்த டி. என். ஏ. பெருமாள் (1932–2017) ஆகியோர் படச்சுருள் காலத்தின் குறிப்பிடத்தக்க பறவை ஒளிப்படக்காரர்கள்.

இம்முறை இன்று பெரிதும் கைவிடப்பட்டுள்ளது. கூட்டருகே மனித நடமாட்டம் பெற்றோர்ப் பறவைகளைக் கூட்டைவிட்டு விலகச் செய்கிறது. மறைக்கும் இலைகளை விலக்கினால் காகமும் வல்லூறும் குஞ்சுகளைக் கண்டுகொள்கின்றன. குரல் பதிவை ஒலிக்கச்செய்து பறவையை வெளிச்சத்துக்கு வரவழைப்பதும் இதைப் போன்றதே: அது தன் எல்லைக்குள் எதிரி வந்ததாக எண்ணி இரை தேடுவதையும் விட்டு அலைகிறது. ஒளிப்பற்றாக்குறைக்குக் குறுக்குவழி தேடுவதன் விலையைப் பறவை செலுத்தக்கூடாது என்ற கருத்து பறவை நோக்குவோரிடையே வலுப்பெற்றுள்ளது. வனவிலங்குச் சரணாலயங்களில் ஒளிப்படம் எடுக்க நுழைவதற்கு வனத்துறையின் அனுமதியும் தேவை.

எண்ணிமக் கருவிகள்

1999இல் வெளிவந்த நிக்கான் டி1 கருவியின் உயர்ந்த இயல்பு ஐ.எஸ்.ஓ. 1600. அதே நிறுவனத்தின் டி3 (2007) இதை 6400ஆக உயர்த்தியது. கூடும் பிளாஷும் இன்றி, நடமாடும் பறவையை நிழலில் இயல்பொளியிலேயே எடுப்பது இத்தகைய கருவிகளால்தான் பரவலாகச் சாத்தியமாயிற்று.

கண்ணாடியில்லாக் கருவிகளில் உள்ள ஓசையற்ற மின்னணு ஷட்டர், அருகிலுள்ள பறவையைக் கலைக்காதது என்ற வகையில் பயனுள்ளது. ஆனால் விலை குறைந்த பல கருவிகளில் உணரி மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கப்படுவதால், ஷட்டர் வேகம் 1/2000 எனக் காட்டினும் அடிக்கும் சிறகு வளைந்து பதிவாகும். கிளையில் அமர்ந்த பறவைக்கு இக்குறை பொருட்படுத்தத்தக்கதன்று.

இரைச்சல் நீக்கம்

மூலப்பதிவான ரா கோப்பாக எடுக்கப்பட்ட படத்தில் இரைச்சலைக் கணினியில் குறைக்கலாம். வழக்கமான மென்பொருள்கள் அண்டைப்புள்ளிகளைச் சராசரியாக்குபவை. மிகுதியாகப் பயன்படுத்தினால் இறகுகள் மெழுகு பூசியது போலாகிவிடும். பின்புலத்தில் மட்டும் கூடுதலாகவும், பறவையின் மேல் குறைவாகவும் நீக்குவது நல்ல பழக்கம்.

அண்மை ஆண்டுகளில் பரவியுள்ள செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இதைவிடத் திறம்படச் செயற்படுகின்றன, ஐ.எஸ்.ஓ. 12800 படத்தையும் அச்சிடத்தக்கதாக்குகின்றன. இவற்றில் வேறொரு இடர் உள்ளது. இவை பல்லாயிரம் படங்களில் கற்ற இறகு வடிவங்களைக் கொண்டு, தகவல் இல்லாத இடத்தை நிரப்பக்கூடும். சுவரில் மாட்டும் படத்துக்கு இது குற்றமன்று. ஆனால் இனங்காணச் சான்றாக வைக்கும் கதிர்க்குருவிப் படத்தில், சிறகுக்கோடு பறவையுடையதா மென்பொருளுடையதா என்ற ஐயம் எழுகிறது. இதனால் பதிவுக்காக எடுக்கப்படும் படங்களில் திருத்தப்படாத மூலக் கோப்பையும், அதே பறவையின் அடுத்தடுத்த பல படங்களையும் சேர்த்து வைத்துக்கொள்வது நலம். இரைச்சல் படத்துக்குப் படம் இடம் மாறும். மெய்யான கோடு எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் இருக்கும்.